நியூயார்க்கின் சார்ட்டர் பள்ளிகள்: பணம் தருவது ஒருவர், பொறுப்பேற்பது இன்னொருவர்

நியூயார்க் நகரத்துக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்களை முதலில் குழப்புவது 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயர்தான். நம் ஊரில் பலகையில் அப்படி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அங்கே அதே பெயர் வரிப்பணத்தில் நடக்கும், கட்டணமே இல்லாத பள்ளியைக் குறிக்கிறது. 'பி.எஸ்.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணுமாக வாசலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த குழப்பம் 'சார்ட்டர்'. தனியார் பள்ளி என்று நினைத்து விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. நகர அரசு நடத்தும் உயர்தரப் பள்ளி என்று நம்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. சார்ட்டர் பள்ளியும் பொதுப்பள்ளிதான்: கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, மதபோதனை கூடாது. 3 முதல் 8ஆம் வகுப்பு வரை எல்லாப் பொதுப்பள்ளிப் பிள்ளைகளும் எழுதும் மாநிலத் தேர்வையும், உயர்நிலையில் 'ரீஜண்ட்ஸ்' தேர்வையும் இந்தப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் பள்ளியை நடத்துவது நகரக் கல்வித்துறை அல்ல. லாப நோக்கமற்ற ஓர் அறங்காவலர் குழு நடத்துகிறது. மாநிலம் அதிகாரம் அளித்த ஓர் அமைப்போடு அந்தக் குழு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பெயர்தான் சார்ட்டர். அதன் ஆயுள் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள்.

நகரத்தின் பொதுப்பள்ளிகளில் சுமார் 9 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் சார்ட்டர் பள்ளிகளில் இருக்கிறார்கள். மற்றவர்கள் படிப்பவை மாவட்டப் பள்ளிகள். 'மாவட்டம்' என்றதும் நம் ஊர் மாவட்டத்தை நினைக்க வேண்டாம். நகரமே 32 பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சில மாவட்டங்கள் நம் ஊர் வட்டாரம் அளவுக்குக்கூட இருக்காது.

தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியும் மிக நெருங்கிய ஒப்பீடு அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் தனியார், பணம் அரசு. ஆனால் இந்த ஒப்பீடு பாதி வழிதான் வரும். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசே அரசு விகிதப்படி தருகிறது. சார்ட்டருக்குப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம் வருகிறது; சம்பளத்தைப் பள்ளியே தீர்மானிக்கிறது. உதவி பெறும் பள்ளி தலைமுறை தலைமுறையாக நடக்கலாம். சார்ட்டரோ ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்கப்படாவிட்டால் மூடப்படும்.

எங்கிருந்து வந்தது

இன்று சார்ட்டர் பள்ளிகளைக் கடுமையாக எதிர்ப்பவை ஆசிரியர் சங்கங்கள். ஆனால் இந்த யோசனையை 1988இல் நாடு முழுவதும் பேசவைத்தவர் ஒரு சங்கத் தலைவரே. நியூயார்க் ஆசிரியர் சங்கத்தை வளர்த்தெடுத்து, பின்னர் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவரான ஆல்பர்ட் ஷாங்கர்தான் அவர். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். நடைமுறைக்கு வந்த வடிவம் அதிலிருந்து விலகியதும் அவரே விமர்சகரானார்.

முதல் சட்டம் மின்னசோட்டா மாநிலத்தில் 1991இல் வந்தது. நியூயார்க் மாநிலச் சட்டம் 1998 டிசம்பரில்; அடுத்த ஆண்டே ஹார்லெமில் முதல் பள்ளி திறந்தது. மாநிலம் முழுவதும் 100 பள்ளிகள்தான் என்று தொடக்கத்தில் வரம்பு வைத்தார்கள். 2007இல் அது 200 ஆனது, 2010இல் 460 ஆனது. நகரத்துக்கென்று ஒதுக்கிய பங்கு 2019இல் தீர்ந்துவிட்டது. 2023இல் நகரத்துக்கு மேலும் 14 இடங்கள் கிடைத்தன. அவையும் மூடிய பள்ளிகளின் பழைய ஒப்பந்த எண்களை மறுபடி வழங்கியதால் வந்தவை. ஆகவே 'எங்கள் பகுதியில் ஏன் புதிய சார்ட்டர் வரவில்லை' என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வரம்புதான். ஹார்லெம், தெற்கு பிராங்க்ஸ், மத்திய புரூக்ளின் ஆகிய பகுதிகளில் இவை செறிந்திருக்கின்றன.

பணமும் கட்டடமும்

ஒரு பிள்ளை சார்ட்டரில் சேர்ந்தால், நகரக் கல்வித்துறை அந்தப் பள்ளிக்குப் பணம் அனுப்ப வேண்டும். தொகை மாநிலச் சூத்திரப்படி கணக்கிடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அது பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 18,000 டாலர். இரண்டு மாதத்துக்கு ஒன்றாக 6 தவணைகளில் வருகிறது. பிள்ளை நடுவில் போய்விட்டால் மிச்ச மாதங்களுக்கான பணமும் போய்விடும்.

பள்ளியின் பல நடவடிக்கைகளை இந்த ஒரு விதியே விளக்கிவிடும். சேர்க்கைக் காலத்தில் சார்ட்டர் பள்ளிகள் பேருந்து நிறுத்தங்களில் விளம்பரம் வைப்பதும், வீட்டுக்கு அஞ்சல் அட்டை அனுப்புவதும், ஆகஸ்ட் கடைசியில்கூடக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து தொலைபேசியில் அழைப்பதும் இதனால்தான். 200 பிள்ளைகளை எதிர்பார்த்துச் சம்பளத் திட்டம் போட்ட பள்ளிக்கு 170 பேர் வந்தால், அந்த 30 இடங்களின் மதிப்பு 5 லட்சம் டாலருக்கும் மேல். சிறிய, தனித்து நிற்கும் சார்ட்டர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல கிளைகள் கொண்ட வலைப்பின்னல்களால் ஒரு கிளையின் பள்ளத்தை இன்னொன்றால் நிரப்பிக்கொள்ள முடிகிறது.

மாவட்டப் பள்ளிக்கும் இதில் வலி உண்டு. ஒரு வகுப்பிலிருந்து 4 பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் 4 பேருக்கான பணம் போகும். ஆனால் அந்த வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் தேவைதான், கட்டடத்துக்கு வெப்பமூட்டும் செலவும் அதேதான். சார்ட்டர் விவாதத்தில் இரு தரப்பும் பணத்தைப் பற்றிச் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

பிறகு கட்டடம். நகரத்தில் இடத்துக்கான வாடகை சாதாரணப் பள்ளியால் தாங்க முடியாதது. அதனால் பல சார்ட்டர்கள் மாவட்டப் பள்ளியின் கட்டடத்திலேயே ஒரு மாடியிலோ ஒரு பக்கத்திலோ இயங்குகின்றன. 2014இல் வந்த மாநிலச் சட்டப்படி, புதிதாகத் தொடங்கும் அல்லது வகுப்புகளைக் கூட்டும் சார்ட்டருக்கு நகரம் பொதுக் கட்டடத்தில் இடம் தர வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு உதவ வேண்டும். ஒரே வாசலில் இரண்டு மூன்று பள்ளிப் பெயர்கள் தொங்குவது இதனால்தான். வகுப்பறைகள் தனித்தனி; உணவுக்கூடம், உடற்பயிற்சிக் கூடம், அரங்கம், முற்றம் பொது. கட்டடத்திலுள்ள முதல்வர்கள் மாதம் ஒருமுறையாவது கூடி நேரப் பங்கீட்டைப் பேச வேண்டும். அது சரியாக நடக்காத கட்டடத்தில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் காலை 10.30க்கே மதிய உணவு சாப்பிடுவார்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது 'என் பிள்ளையின் வகுப்புக்கு மதிய உணவு எத்தனை மணிக்கு, உடற்பயிற்சிக் கூடம் வாரத்தில் எத்தனை நாள்' என்று கேளுங்கள். அந்தப் பதிலில் கட்டடத்தின் நிலவரம் தெரிந்துவிடும்.

இரண்டு வாசல்கள், இரண்டு விண்ணப்பங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. மாவட்டப் பள்ளிகளுக்கு நகரத்தின் 'மைஸ்கூல்ஸ்' இணையதளம் வழியாக விண்ணப்பம். சார்ட்டர் பள்ளிகளுக்கு அது செல்லாது. அந்தத் தளத்தில் தேடினால் சார்ட்டர் பள்ளிகளின் விவரம் தெரியும். அதைப் பார்த்து 'விண்ணப்பித்தாகிவிட்டது' என்று நினைத்துவிடுகிறார்கள். சார்ட்டருக்கு அந்தந்தப் பள்ளியின் படிவம் அல்லது பல சார்ட்டர்கள் சேர்ந்து வைத்திருக்கும் பொது இணையப் படிவம் தனியாக நிரப்ப வேண்டும்.

வயதுக் கணக்கும் நம் ஊர்போல இல்லை. எந்த ஆண்டில் பிள்ளைக்கு 5 வயது நிறைகிறதோ அந்த ஆண்டு செப்டம்பரில் கிண்டர்கார்டன். 2021 டிசம்பர் 30இல் பிறந்த பிள்ளையும் 2021 ஜனவரியில் பிறந்த பிள்ளையும் 2026 செப்டம்பரில் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். ஜூன் மாதக் கணக்கில் பழகிய பெற்றோர் ஓர் ஆண்டு தள்ளிப் போட்டுவிடக் கூடாது.

மாவட்டப் பள்ளி விண்ணப்பம் குளிர்காலத்தில், பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜனவரிக்குள். 12 பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் எழுதலாம். பெரும்பாலான முகவரிகளுக்கு ஒரு 'எல்லைப் பள்ளி' உண்டு. அந்த எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு அங்கே முன்னுரிமை. 1, 7, 23 ஆகிய மாவட்டங்களில் தொடக்கப்பள்ளி எல்லைகள் இல்லை, எல்லாமே விருப்பத் தேர்வு. வரிசையை உண்மையான விருப்பப்படி எழுதுங்கள். 'முதலிடத்தில் கடினமான பள்ளியைப் போட்டால் இரண்டாவதும் போய்விடும்' என்று பழைய குடியிருப்பாளர்கள் சொல்வார்கள். இன்றைய முறையில் அது நடக்காது.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 5 பள்ளிகள் எழுதலாம். முதலிடம் கொடுக்காத பிள்ளையை ஏற்க மறுக்கும் பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ 30,000 பிள்ளைகள் தாங்கள் எழுதாத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். 2003இல் பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் அவருடைய சகாக்கள் அதிலா அப்துல்காதிரோக்லு, பராக் பதக் ஆகியோரும் சேர்ந்து புதிய பொருத்தும் முறையை வகுத்தார்கள். அதில் இடங்கள் கடைசிச் சுற்றுவரை தற்காலிகமாகத்தான் கொடுக்கப்படும். இரண்டாம் விருப்பமாக வந்த பிள்ளைக்கு முன்னுரிமை அதிகமென்றால், முன்பே அமர்ந்திருந்த பிள்ளை எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அதனால் ஒரு பள்ளியை முதலில் எழுதியதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. இத்துறை ஆய்வுக்காக ராத் 2012இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சார்ட்டரில் இந்த வரிசையே கிடையாது. விண்ணப்பக் கெடு ஏப்ரல் 1. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் ஏப்ரலில் குலுக்கல். நம் ஊரில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு நடப்பதைப் போன்ற குலுக்கல்தான், ஆனால் இங்கே பள்ளியின் எல்லா இடங்களும் அதற்குள் வரும். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகக் குலுக்கும். 8 பள்ளிகளுக்குப் போட்டால் 8 குலுக்கல். 3இல் கிடைக்கலாம், ஒன்றிலும் கிடைக்காமலும் போகலாம்.

குலுக்கலிலும் முன்னுரிமை உண்டு. ஏற்கெனவே படிப்பவர்களின் உடன்பிறப்புகள் முதலில். பள்ளி இருக்கும் பள்ளி மாவட்டத்தில் வசிப்பவர்கள் அடுத்து. மற்ற மாவட்டத்தார் கடைசியில். எடுத்துக்காட்டாக, கிண்டர்கார்டனில் 60 இடங்கள் என்று வையுங்கள். உடன்பிறப்புகள் 22 பேர். மீதி 38 இடங்களுக்கு உள்மாவட்டத்தார் 140 பேர் என்றால், வெளிமாவட்டத்திலிருந்து விண்ணப்பித்த 250 பேருக்கு முதல் சுற்றில் ஓர் இடமும் வராது. ஆகவே வீட்டுக்கு ஒரு கல் தூரத்தில் உள்ள பள்ளி என்பது மட்டும் போதாது, அது உங்கள் மாவட்ட எண்ணுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கம் வேறு மாவட்டமாக இருக்கலாம்.

இடம் கிடைத்தால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரும், பதில் சொல்லக் குறுகிய கெடு இருக்கும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். தொலைபேசி எண்ணை மாற்றியதால் இடத்தை இழந்தவர்கள் நிறைய. காத்திருப்போர் பட்டியல் பெரும்பாலும் அந்தக் கல்வியாண்டோடு முடிந்துவிடும். மறு ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டப் பள்ளியில் கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே சார்ட்டர் முடிவுக்குக் காத்திருக்கலாம்.

சேர்க்கைக்கு பிறப்புச் சான்று அல்லது கடவுச்சீட்டு, தடுப்பூசிப் பதிவு, முகவரிக்கு இரண்டு ஆதாரங்கள் தேவை. வாடகை ஒப்பந்தம் பெயரில் இல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள், அந்த வீட்டுக்காரரின் உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுக்கலாம். குடியேற்ற நிலையைக் கேட்க எந்தப் பொதுப்பள்ளிக்கும் உரிமையில்லை, சார்ட்டருக்கும் இல்லை. ஆவணமற்ற பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்திருக்கிறது. விசாவைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியதில்லை.

உள்ளே என்ன வேறுபாடு

சார்ட்டரில் பள்ளி நாளும் ஆண்டும் நீளமாக இருப்பது வழக்கம், சீருடை பொதுவானது, விதிகள் பல இடங்களில் கண்டிப்பானவை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் சங்கத்தில் இல்லை. சான்றிதழ் பெறாத ஆசிரியர்களையும் ஒரு வரம்புவரை, ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 15 பேர், வைத்துக்கொள்ளலாம். 2022இல் வந்த வகுப்பளவுச் சட்டம் நகரத்தின் மாவட்டப் பள்ளிகளுக்கு மட்டும்: 3ஆம் வகுப்புவரை 20 பேர், 4 முதல் 8 வரை 23, உயர்நிலையில் 25 என்று 2028க்குள் படிப்படியாக வர வேண்டும். சார்ட்டரை அது கட்டுப்படுத்தாது. எனவே வகுப்பில் எத்தனை பேர், கூடவே இரண்டாவது ஆசிரியர் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. பிள்ளையைப் பரிசோதித்து 'ஐ.இ.பி.' என்னும் தனிக்கல்வித் திட்டத்தை எழுதுவது நகரக் கல்வித்துறையின் குழு. அன்றாடம் அதை நடத்துவது சார்ட்டர். பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் பரிசோதனை முடிய வேண்டும். நடப்பது என்னவென்றால், பள்ளி 'நகரக் குழுதான் தாமதிக்கிறது' என்கிறது, குழு 'பள்ளி அறிக்கை தரவில்லை' என்கிறது, மாதங்கள் ஓடுகின்றன. இதைத் தடுக்க ஒரே வழி, கோரிக்கையைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ இருவருக்கும் ஒரே நாளில் அனுப்பி, தேதியை வைத்துக்கொள்வது. வாய்ப்பேச்சுக்குக் கணக்கு இல்லை.

'உங்கள் பிள்ளைக்குத் தேவையான வகுப்பு எங்களிடம் இல்லை, வேறு பள்ளி பாருங்கள்' என்று சொல்லப்பட்டால், அன்றே விலகல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்ட நிமிடம் இடம் போய்விடும், திரும்பிவர மறுபடி குலுக்கல்தான். முதலில் நகரக் கல்வித்துறைக் குழுவின் கூட்டத்தை எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்கு எது தேவை, அது எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதைப் பள்ளி தனியாகத் தீர்மானிக்க முடியாது.

புகார் யாரிடம்

மாவட்டப் பள்ளியில் ஏணி எளிது: முதல்வர், மாவட்டக் கண்காணிப்பாளர், நகரக் கல்வித்துறை. 2002 முதல் அந்தத் துறை மேயரின் கட்டுப்பாட்டில் இருப்பதால், கடைசியில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும். சார்ட்டரைப் பற்றி கண்காணிப்பாளரிடம் போனால் 'எங்கள் கையில் இல்லை' என்பார், அது உண்மையும்கூட. சார்ட்டரில் முதல்வருக்கு அடுத்தது அறங்காவலர் குழு. அவர்களுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தீராவிட்டால் ஒப்பந்தம் வழங்கிய அமைப்பு: அது மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களாக இருக்கலாம், மாநிலக் கல்வி ஆட்சிக்குழுவாக இருக்கலாம், பழைய பள்ளிகளில் நகரக் கல்வித் தலைவராகவும் இருக்கலாம். அதற்கும் மேலே மாநிலக் கல்வி ஆட்சிக்குழு. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் கடிதம் திரும்பிக் கீழேயே வரும்.

அறங்காவலர் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று சட்டம் சொல்கிறது. தகவல் பெறும் சட்டமும் சார்ட்டர்களுக்குப் பொருந்தும். மிகக் குறைவான பெற்றோரே போகிறார்கள். போய் உட்கார்ந்தால் பள்ளியின் நிதிநிலையும் ஆசிரியர்கள் விலகிப்போகும் வேகமும் காதில் விழும்.

எது சிறந்தது

இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அருகருகே வைத்து முடிவு செய்வது தவறு. சார்ட்டருக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் ஏற்கெனவே தேடித் திரிபவர்கள். அந்த அக்கறையே மதிப்பெண்ணைக் கூட்டலாம். ஆய்வாளர்கள் இதைக் குலுக்கலை வைத்தே தீர்த்தார்கள். விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்களையும், விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களையும் மட்டும் ஒப்பிட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி அக்கறை இருக்கும். 2009இல் கரோலின் ஹாக்ஸ்பி குழு நியூயார்க் நகரத்தில் இப்படிச் செய்தபோது, இடம் கிடைத்தவர்களின் தேர்வு மதிப்பெண்கள் மேலாக இருந்தன. ஆனால் கூட்டம் சேராத பள்ளியில் குலுக்கலே நடக்காது, எனவே அந்தப் பள்ளிகளைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லாது. சராசரி நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் தெருமுனைப் பள்ளியும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே ஒரு சார்ட்டரை மதிப்பிட அதன் புதுப்பித்தல் அறிக்கையைப் படியுங்கள்; ஒப்பந்தம் வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் இருக்கும். முதலில் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். முழு 5 ஆண்டுக்குப் பதில் 2 அல்லது 3 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்திருந்தால் ஏதோ குறை கண்டிருக்கிறார்கள், அது அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கும். பிறகு வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை. முதல் வகுப்பில் 100 பேராக இருந்த அதே அணி ஐந்தாம் வகுப்பில் 60 ஆகியிருந்தால், போன 40 பேர் ஏன் போனார்கள், காலி இடங்களைப் பட்டியலிலிருந்து நிரப்பினார்களா என்று பள்ளியைக் கேளுங்கள். சில பள்ளிகள் ஒரு வகுப்புக்கு மேல் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட பள்ளியின் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, கடைசிவரை தங்கியவர்களின் தேர்ச்சி மட்டுமே.